'மோர் குடிங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டேன்

கேள்வி: பழனிமலையில் ஒரு மேல்மலை கிராமத்தில் சுகாதார செவிலியராக இருக்கிறேன். பூண்டுக் காட்டில் கூலி வேலை பார்க்கும் 58 வயது அம்மா ஒருவர், தீட்டு நின்று ஆறு வருஷம் கழித்து உதிரம் பட்டது என்று வந்தார். சூடாக இருக்கும், மோர் குடிங்க என்று அனுப்பிவிட்டேன். இரண்டு மாதத்தில் மறுபடி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இப்போது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் மாட்டேன் என்கிறார். கேன்சர் என்று வாயெடுத்தாலே மற்ற பெண்களும் எழுந்து போய்விடுகிறார்கள். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், கொடைக்கானல் வட்டம்

பதில்: சிஸ்டர், முதலில் அந்த அம்மாவைப் பார்ப்போம். மற்றதெல்லாம் அப்புறம்.

மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் தாண்டியபின் ஒரு சொட்டு பட்டாலும் பார்த்தே ஆக வேண்டும். பயமுறுத்தச் சொல்லவில்லை. இப்படி வருகிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குக் காரணம் வேறாகத்தான் இருக்கும்: சவ்வு மெலிந்திருக்கும், உள்ளே சிறு சதை வளர்ந்திருக்கும். மீதி ஒருவருக்குக் கர்ப்பப்பையின் உள்சவ்வில் புற்றுநோய். அந்த ஒருவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல நமக்குத் தெரியாது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுப்பதோடு தீர்ந்துவிடுகிற நோய் இது. இதை அவரிடம் இப்படியே சொல்லுங்கள்.

உங்கள் நிலையத்திலேயே வி.ஐ.ஏ. (அமிலம் தடவிப் பார்க்கும் சோதனை) செய்து, 'நார்மல்' என்று நிறுத்திவிடாதீர்கள். அது கர்ப்பப்பை வாய்க்கான சோதனை, அதுவும் தொந்தரவு எதுவும் இல்லாத பெண்களுக்கானது. மாதவிலக்கு நின்றபின் நாம் பார்க்க வேண்டிய இடமே உள்ளே ஏறிப் போய்விடும். இவருக்கு வேண்டியது ஸ்பெகுலம் என்ற கருவியால் பிறப்புறுப்பை விரித்து உள்ளே பார்ப்பது, ஸ்கேன், தேவைப்பட்டால் உள்சவ்வில் துளி எடுத்து பயாப்சி. சீட்டில் 'பெண்கள் பிரச்சினை' என்று மொட்டையாக எழுதாமல், 'மாதவிலக்கு நின்று 6 வருஷம், 2 முறை உதிரப்போக்கு' என்று எழுதுங்கள். ஓ.பி. கூட்டத்தில் அந்த அம்மா வாய் திறக்கப் போவதில்லை. சீட்டுதான் பேச வேண்டும்.

ஏன் மாட்டேன் என்கிறார் என்று கேட்டீர்களா? பயம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். மேல்மலையிலிருந்து இறங்கினால் ஒரு நாள் கூலி போச்சு, கடைசி பஸ்ஸை விட்டால் தங்க இடமில்லை, பார்க்கப்போவது ஆண் டாக்டரோ என்ற கூச்சம் வேறு. இதில் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மோர் விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணுக்கு நாலு மாதம் கேஸ் மாத்திரை எழுதிக்கொடுத்தேன். வயிறு உப்புசம், இரண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்பார். "பாவாடை நாடா எட்ட மாட்டேங்குது டாக்டர்" என்று அவர் சொன்ன அன்றுதான் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். சினைப்பையில் வந்த புற்றுநோய். அதை முன்கூட்டிக் கண்டுபிடிக்கப் பொதுவான சோதனை இன்றுவரை கிடையாது. கர்ப்பப்பை வாயில் துடைத்தெடுத்துப் பார்க்கிற பாப் ஸ்மியரிலும் தெரியாது. காது கொடுத்துக் கேட்பது ஒன்றுதான் வழி. நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக உப்புசம், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர், இவை மாதத்தில் 12 நாளுக்கு மேல் வந்தால் ஸ்கேனுக்கு அனுப்புங்கள். எனக்கு இன்றும் அந்த நாடா ஞாபகம் வரும். உங்களுக்கு மோர் ஞாபகம் வரட்டும், தப்பில்லை.

கேன்சர் என்றால் எழுந்து போகிறார்கள் அல்லவா? அந்த வார்த்தையில் ஆரம்பிக்காதீர்கள். கூட்டம் போட்டும் கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய் பிரஷர் பார்க்கிறபோது, பட்டை கையில் இறுகி இருக்கும் அந்த அரை நிமிடம் போதும். "துணியில ஏதாவது பட்டுச்சாம்மா? வீட்டுக்காரரோட சேர்ந்தப்புறம் ரத்தம் வந்துச்சா? வெள்ளைப்படுறது நாத்தமா இருக்கா? கீழே ஆறாத புண்ணு, விடாத அரிப்பு உண்டா?" அவர்கள் பேச்சிலேயே கேளுங்கள், பதில் வரும்.

இரண்டு பதில்களுக்குத் தயாராக இருங்கள். "எனக்குத்தான் ஆபரேஷன் பண்ணியாச்சே" என்பார்கள். குடும்பக் கட்டுப்பாட்டில் கட்டியது குழாயைத்தான், கர்ப்பப்பை வாய் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்னொன்று, "நான் ஒழுங்கா இருக்கிறவ" என்ற கோபம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் புருஷன் ஒருவரை மட்டுமே அறிந்த பெண்ணுக்கும் வரும். பெரும்பாலோருக்கு ஓரிரு வருஷத்தில் தானாகப் போய்விடும். போகாமல் தங்கினால் புற்றுநோயாக மாறப் பத்துப் பதினைந்து வருஷம் பிடிக்கும். அவ்வளவு அவகாசம் இருப்பதால்தான் 30 வயதிலிருந்து பரிசோதனைக்குக் கூப்பிடுகிறோம்.

"நர்ஸ் பார்த்தால் போதுமா?" என்று யாராவது இழுத்தால் உங்கள் மாவட்டக் கதையையே சொல்லுங்கள். 2000-ல் தொடங்கி திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுள்ள 31,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு வி.ஐ.ஏ. செய்தார்கள். அம்பிளிக்கை மருத்துவமனையும் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டும் பங்கெடுத்த ஆய்வு அது. காடி மாதிரியான அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெளுக்கிறதா என்று பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். தேவைப்பட்டவர்களுக்கு அன்றே குளிர்சிகிச்சை (கெட்ட திசுவை உறைய வைத்து அழிப்பது) கொடுத்ததும் அவர்களே. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வந்த சாவு 35 சதவீதமும் குறைந்தன. 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. உங்கள் மலையடிவாரத்தில் நடந்தது, உங்கள் ஊர்க்காரர்களுக்கே தெரியாது!

அந்த அம்மா இறங்குகிற நாளில் துணைக்கு யார் என்று இப்போதே பேசி வையுங்கள். முடிந்தால் நீங்களே போங்கள். ரிப்போர்ட் வாங்க வேண்டிய தேதியையும் உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பயாப்சி கொடுத்துவிட்டு, முடிவு வாங்கத் திரும்பி வராதவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.