நூல் யார் கையில்?

அன்புள்ள ஐயா,

போன மாதம் உங்கள் தளத்தில் வந்த சிறுகதையைப் படித்தேன். 2058இல் சிங்கப்பூருக்கு மேலே நடக்கும் வான்போர். வாசிக்க விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் உங்கள் விமானி மரினா பேக்கு மேலே மூன்று முறை வட்டமடிக்கிறாள், எதிரியின் முகத்தைப் பார்க்கிறாள், அப்புறம் பீரங்கியால் சுடுகிறாள். ஐயா, அது 1942ஆம் ஆண்டுச் சண்டை! தேசிய சேவையை ஆகாயப் படையில் முடித்தவன் நான் (தரையில்தான், பறக்கவில்லை). செயற்கை நுண்ணறிவு ஏற்கெனவே மனித விமானியைத் தோற்கடித்துவிட்டது. 2058இல் விமானத்துக்குள் ஆள் இருப்பதே சந்தேகம். திரையில் இரண்டு புள்ளிகள் அணைந்துபோவதைத் தவிர, எதிர்கால வான்போரில் எழுதுவதற்கு என்ன இருக்கும்?

வாசகர், சுவா சூ காங்

அன்புள்ள தம்பி,

மாட்டிக்கொண்டேன். உங்கள் கடிதம் வந்த இரவே தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் போகும் விமானம் 9 ஜியில், அதாவது புவியீர்ப்பைப் போல் ஒன்பது மடங்கு விசையில் திரும்பினால் அந்த வட்டத்தின் ஆரம் சுமார் ஒரு கிலோமீட்டர். ஒரு சுற்றுக்கு இருபது வினாடிக்கு மேல் ஆகும், மூன்று சுற்றுக்கு ஒரு நிமிடம். அந்த நிமிடம் முழுக்க 70 கிலோ ஆள் 630 கிலோவாகக் கனப்பார். ரத்தம் தலையைவிட்டுக் காலுக்கு இறங்கும். பார்வை சாம்பல் பூத்து இருண்டுவிடும். என் கதாநாயகி எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே மயங்கியிருப்பாள். அதே வேகத்தில் நேராகப் போனாலோ தீவின் மேற்கு முனை துவாஸிலிருந்து கிழக்கு முனை சாங்கிக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. நம் விமானிகள் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் பயிற்சி எடுப்பது சும்மாவா?

சரி, வட்டங்களை வெட்டிவிடுகிறேன். முகத்தை விடுவதாக இல்லை.

விமானிக்கு இனி வேலையில்லை என்பது பழைய ஆரூடம். 1957லேயே பிரிட்டிஷ் அரசாங்கம் தன் பாதுகாப்பு வெள்ளை அறிக்கையில் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னது: இனி ஏவுகணைகளின் காலம், ஆள் ஓட்டும் போர் விமானங்களுக்கு எதிர்காலம் இல்லை. அமெரிக்கர்களும் அதே நம்பிக்கையில் பேண்டம் விமானத்தைப் பீரங்கி இல்லாமலேயே செய்து வியட்நாமுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்களுடைய ஸ்பேரோ ஏவுகணைகளில் பத்தில் ஒன்றுகூட எதிரி விமானத்தை வீழ்த்தவில்லை. கருவிக் கோளாறு ஒரு காரணம். இன்னொன்று, எதிரிதான் என்று கண்ணால் உறுதிசெய்துகொண்டு சுடு என்ற விதி. தொலைவிலிருந்து அடிப்பதற்காகச் செய்த ஏவுகணை. கிட்டப் போய் முகம் பார்க்க வேண்டிய நிலைமை. கடைசியில் பிந்திய பேண்டம்களில் பீரங்கியைத் திரும்பப் பொருத்தினார்கள்.

இதை நம் ஊருக்கு மேலே வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஆறு கோடிப் பயணிகளுக்கு மேல் வந்துபோகும் விமான நிலையம் சாங்கி. நீங்கள் சொல்லும் திரையில் இரண்டு புள்ளி மட்டும் இருக்காது. சென்னையிலிருந்து தூங்கி வழிந்துகொண்டு வரும் முந்நூறு பேரும் அதில் ஒரு புள்ளி.

செயற்கை நுண்ணறிவு ஜெயித்தது உண்மைதான். 2020 ஆகஸ்ட்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பா நடத்திய போட்டியில் ஒரு கணினி நிரல், அனுபவமுள்ள எஃப்-16 விமானியை ஐந்துக்குப் பூஜ்யம் என்று வீழ்த்தியது. ஆனால் அது கணினிக்குள் நடந்த பாவனைக் களம். எதிரி எங்கே இருக்கிறார் என்பது நிரலுக்கு ஒவ்வொரு கணமும் துல்லியமாகத் தெரியும். நிஜ வானத்தில் அந்த வசதியை யார் தருவார்கள்? 2023இல் நிஜ விமானத்திலேயே நிரலை ஓட்டவிட்டு, இன்னோர் எஃப்-16க்கு எதிரே பறக்கவைத்தார்கள். உள்ளே பாதுகாப்புக்கு மனித விமானிகளும் உட்கார்ந்திருந்தார்கள். வளைந்து திரும்பும் சண்டையில் மனிதர் தோற்பார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறதே, எதிரே இருப்பது யார் என்று. அதில்தான் சண்டை.

நம் ஆகாயப் படைக்கு வரவிருக்கும் எஃப்-35 போன்ற, ரேடாரில் எளிதில் சிக்காத விமானங்களும் இந்தக் கேள்வியைச் சுற்றியே கட்டப்பட்டவை. ரேடாருக்குத் தெரியும் அளவைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கினாலும், கண்டுபிடிக்கும் தூரம் பத்தில் ஒரு பங்காகத்தான் சுருங்கும். 200 கிலோமீட்டரில் தெரிந்திருக்க வேண்டியது 20 கிலோமீட்டரில் தெரியும். அவ்வளவுதான், மாயமாக மறைந்துவிடாது. அந்த இடைவெளியில் யார் யாரை முதலில் பார்க்கிறார் என்பதுதான் பந்தயம்.

எழுபதுகளில் நாங்கள் பட்டம் விட்டிருக்கிறோம். பழைய பாட்டிலை இடித்துத் தூளாக்கி, பசையில் குழைத்து நூலில் பூசுவோம். விரலெல்லாம் கீறல். எதிராளியின் பட்டத்தை யாரும் முட்ட மாட்டோம். நூலுக்குக் குறுக்கே நம் நூலைக் கொண்டுபோய் ஒரு இழு. அறுந்த பட்டம் தள்ளாடிக்கொண்டே போகும், பின்னாலேயே பையன்கள் சாலையைக்கூடப் பார்க்காமல் ஓடுவார்கள்.

ஆளில்லா விமானத்துக்கு, தரையிலிருந்து அதை இயக்கும் அலைவரிசைதான் நூல். உக்ரேனில் இன்று நடப்பதும் நூல் அறுக்கும் சண்டைதான்: சமிக்ஞையைக் குழப்பினால் டிரோன் குருடாகிவிடும். அதனால் சமிக்ஞையைக் கொண்டுபோகும் மெல்லிய கண்ணாடியிழையைப் பின்னால் பல கிலோமீட்டருக்கு அவிழ்த்துக்கொண்டே பறக்கும் டிரோன்கள் வந்துவிட்டன. நாங்கள் நூலை அறுக்கக் கண்ணாடியைப் பூசினோம், இவர்கள் அறுபடாமலிருக்கக் கண்ணாடியையே நூலாக்கிவிட்டார்கள். படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. இன்னொரு வழி, நூலே வேண்டாம், தானாக முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிடுவது. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கிடையில், வான்போர் வானத்தில்தான் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. 2025 ஜூன் 1 அன்று உக்ரேன் லாரிகளில் ஒளித்துக் கொண்டுபோன 117 டிரோன்கள், ரஷ்யாவின் உள்ளே வெகுதூரத்தில் நின்றிருந்த குண்டுவீச்சு விமானங்களைத் தாக்கின. உங்கள் வீட்டுக்குப் பக்கத்து லிம் சூ காங் சாலையில் 2016இல் விளக்குக் கம்பங்களைக் கழற்றி, போர் விமானங்களை இறக்கி ஏற்றிப் பழகியது நினைவிருக்கலாம். விமானத்தளம் அடிபட்டால் சாலையில் ஏறலாம் என்ற யோசனை. இப்போது அந்தச் சாலையில் வரும் லாரியையும் சந்தேகப்பட வேண்டும் போலிருக்கிறது.

கதையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். விமானி இருக்கிறாள், கூடவே மூன்று ஆளில்லா விமானங்கள் அவள் சொல்படி பறக்கின்றன. மலாக்கா நீரிணைக்கு மேலே இணைப்பு அறுந்துபோகிறது, நாற்பது வினாடிக்கு. மூன்றில் ஒன்று ஒரு புள்ளியை நோக்கித் திரும்பியிருக்கிறது. அந்த நாற்பது வினாடியை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அது சுடுகிறது. மற்றதில் சுடாமல் திரும்பி வருகிறது. இணைப்பு கிடைத்த பிறகு, ஏன் சுடவில்லை என்று அவள் கேட்கிறாள். பதிலாக வரிவரியாக எண்கள்தான் வருகின்றன. இரண்டாவதைத்தான் அடுத்த வாரம் தளத்தில் போடப்போகிறேன். கணக்கு எங்காவது உதைத்தால் மறுபடி எழுதுங்கள்.