பச்சையா சாப்பிடுறவங்க ரெசிபி நோட்டு: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டரும் இல்ல டயட்டீஷியனும் இல்ல. ஒன்பது வருஷமா காலையும் ராத்திரியும் அடுப்பு பத்த வைக்காம சாப்பிடுறேன் (இயற்கை உணவுன்னு சொல்றது இததான்), மதியம் மட்டும் சோறு குழம்பு எல்லாம் உண்டு. மூணு நோட்டு நிரம்பியாச்சு, நாலாவது ஓடுது. எப்படி எழுதி வைக்கிறது, ஒரு தடவ நல்லா வந்தத மறுபடி அதே மாதிரி எப்படி கொண்டு வர்றது, இத பத்தி கேளுங்க. வியாதிய பத்தி கேட்டா பதில் வராது.

ஸ்கிரீன்ஷாட் சிங்காரி: அக்கா, போன்ல நானூறு ஸ்கிரீன்ஷாட் கிடக்கு, எல்லாம் சாலட், கடலைப்பால், முளைப்பயறு. எது பிடிச்சதுன்னே மறந்துடுச்சு. ஆப்ல போடவா நோட்டுல எழுதவா?

நானூறுல நீ செஞ்சு பாத்தது எத்தனமா? இருபது தேறுமா? அத மட்டும் தனியா எடு, மீதிய அழிச்சிடு, ஒரு நாளும் தேட மாட்ட. எனக்கு நோட்டுதான், ஏன்னா தேங்கா துருவுற கையோட போன தொட முடியாது. உனக்கு போன் வசதின்னா ஏதாவது ஒரு ஷீட்ல போட்டு வை. உனக்கு நீயே மெசேஜ் அனுப்பி வச்சுக்கிற வேல மட்டும் வேணாம், நானும் அப்படித்தான் வச்சிருந்தேன், போன் மாத்தினப்ப ஒரு வருஷ குறிப்பு மொத்தமா போச்சு.

எதுல எழுதறோம்ங்கறத விட என்ன எழுதறோம்னு பாக்கணும். அடுப்புல ஏத்தினா காய் கொஞ்சம் முத்தலா இருந்தாலும் வெந்து மசிஞ்சு குழம்போட ஒண்ணாயிடும், பத்தலன்னா புளியோ உப்போ போட்டு சரிக்கட்டிடலாம். பச்சையில அந்த வேலையே நடக்காது, காய் வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியேதான் தட்டுல வந்து உக்காரும். அதனால "தேங்காய் ஒரு மூடி"ன்னு எழுதினா அடுத்த தடவ வேற பதார்த்தமா வரும். முத்தலா இளசா, எத்தன கிராம், எந்த மாசம், எவ்வளவு நேரம் ஊறுச்சு, இவ்வளவும் வேணும். என் நோட்டுல ஒரு பக்கத்த அப்படியே தர்றேன்:

"தை 8. வெண்பூசணி பச்சடி. துருவின பூசணி 200 கிராம், பிழிஞ்ச தண்ணி அரை டம்ளர் (குடிச்சாச்சு). தேங்காய் 40 கிராம், முத்தல். பச்சமிளகா சின்னதா 1. இஞ்சி சுண்டுவிரல் நகம் அளவு. எலுமிச்ச அர மூடி. உப்பு கடைசில போடு, முன்னாடியே போட்டா தண்ணி விட்டு சளசளன்னு ஆயிடுது. அத்தை ரெண்டாவது தடவ கேட்டு வாங்கினாங்க."

அந்த கடைசி வரி இருக்கே, அதுதான் மார்க். அஞ்சுக்கு நாலுன்னு நம்பர் போட்டு பாத்தேன், ஆறு மாசம் கழிச்சு அது எனக்கு ஒண்ணும் சொல்லல.

கைக்கணக்கு: கிராம் கணக்கெல்லாம் ஓவரா இல்லயா? பாட்டி காலத்துல யாரு தராசு வச்சாங்க?

பாட்டி அதே ரசத்த அம்பது வருஷம் வச்சாங்கப்பா, கைக்கு பழகிடுச்சு. நீ இந்த வாரம் வெள்ளரி, அடுத்த வாரம் வாழத்தண்டு. காந்தி 1929ல வேக வைக்காத உணவு பரிசோதனை பண்ணினப்ப யங் இந்தியா பத்திரிகைல என்ன எழுதினார் தெரியுமா, முளைகட்டின கோதுமை 8 தோலா, அரைச்ச பாதாம் 8 தோலா, இடிச்ச கீரை 8 தோலா, எலுமிச்சை 6, தேன் 2 அவுன்ஸ். ஒரு தோலா பதினொண்ணரை கிராம் சொச்சம், 8 தோலான்னா 93 கிராம் வரும். அதனாலதான் இன்னிக்கு நானும் நீயும் அத அப்படியே செஞ்சு பாக்க முடியுது. அந்த வருஷமே வயித்துக்கடுப்பு வந்து அவர் அத விட்டுட்டாருங்கறதையும் சொல்லிடறேன், இல்லன்னா பாதி கதை சொன்ன மாதிரி ஆயிடும்.

பயறு பைத்தியம்: பச்சைப்பயறு எத்தன மணி நேரம் கட்டணும்? ஒரு தடவ நல்லா வருது, ஒரு தடவ நாறுது.

நல்ல கேள்வி. ஊற வைக்கிறது 8 மணி நேரம், அதுல பெருசா மாத்தம் இல்ல. துணில கட்டி வைக்கிற நேரம்தான் ஆளையே ஏமாத்தும். எங்க வீட்டுல சித்திரைல 10, 12 மணி நேரத்துல முளை விட்டுடும், மார்கழில 20 மணி நேரம் கூட ஆகும். ஒரே நம்பர எழுதி வச்சுகிட்டு வருஷம் பூரா அதயே செஞ்சா வெயில் காலத்துல நாறத்தான் செய்யும். குறிப்புல மாசம் போடுன்னு நான் தொண்ட கிழிய கத்தறது இதுக்குத்தான். கட்டி வச்சிருக்கும்போது ரெண்டு தடவையாவது கழுவணும், முளை வந்ததும் ஃபிரிட்ஜ், ரெண்டு நாளுக்குள்ள தீத்துடணும். பிசுபிசுன்னு இருந்தாலோ புளிச்ச வாட வந்தாலோ யோசிக்காம கொட்டிடு.

கர்ப்பமா இருக்கவங்க, சின்ன குழந்தைங்க, வயசானவங்க முளைப்பயற பச்சையா சாப்பிட வேணாம், ஆவில நல்லா வேக வச்சுக்கங்க. முளை வர்ற அதே ஈரமும் கதகதப்பும்தான் கிருமிக்கும் பிடிக்கும். 2011ல ஜெர்மனில ஈகோலைங்கற கிருமி பரவி அம்பது பேருக்கு மேல செத்தாங்களே, அதுக்கு காரணம்னு கண்டுபிடிச்சது முளைகட்டின வெந்தயத்த. நம்ம வீட்டு அலமாரில இருக்க அதே வெந்தயம்தான்.

ஜிம் பாய்: அக்கா ராஜ்மா முளைகட்டி பச்சையா சாப்பிடலாமா, புரோட்டீனுக்கு?

கூடாது. அதுல இருக்க லெக்டின்ங்கற ஒரு வகை புரதம் வயித்த கலக்கி வாந்தி பேதில கொண்டு விட்டுடும். ஊற வச்சு, அந்த தண்ணிய கொட்டிட்டு, நல்லா கொதிக்க வச்சுதான் சாப்பிடணும். நோட்டுல கூட ஏத்தாத தம்பி.

காலை ஜூஸ்: சுரைக்காய் ஜூஸ்க்கு அளவு சொல்லுங்க.

அளவு அப்புறம். முதல்ல ஒரு துண்டு வெட்டி நாக்குல வை. கசந்துச்சுன்னா துப்பிட்டு காய குப்பைல போடு. தேன் விட்டு சமாளிக்கலாம்ங்கற பேச்சே கூடாது, சுரைக்காய்ல கசப்புதான் விஷத்துக்கு அடையாளம். 2010ல டெல்லில ஒரு விஞ்ஞானி சுரைக்காயும் பாகற்காயும் சேத்து அடிச்ச ஜூஸ் குடிச்சு இறந்து போனாரு. பாகற்காய் கூட சேந்தா எது கசக்குதுன்னே தெரியாது பாரு. என் நோட்டுல சுரை, வெள்ளரி, பீர்க்கு வர்ற எல்லா பக்கத்துலயும் மேல "நாக்குல வச்சியா?"ன்னு சிவப்புல எழுதியிருக்கும். கசக்காத காய்னா 150 கிராம், ரெண்டு புதினா கொத்து, அர எலுமிச்ச.

பச்சைப்புலி: நீங்க போன மாசம் அவல் தேங்காய்ப்பால் குறிப்பு போட்டீங்க. அவல் எப்படிங்க இயற்கை உணவு? நெல்ல ஊற வச்சு வறுத்துதான தட்டறாங்க? ஊர ஏமாத்தாதீங்க.

ஏமாத்தலங்க, ஒத்துக்கறேன். சூடு பாத்த பொருள்தான். ஊற வச்சா போதும், அடுப்பு வேணாம்ங்கறதால இயற்கை உணவு சாப்பிடறவங்க ரொம்ப நாளா சேத்துகிட்டு வர்றாங்க.

பயறு பைத்தியம்: அப்ப வெல்லம்? கரும்புச்சாற கொப்பரைல காய்ச்சறாங்களே!

பச்சைப்புலி: நான் வெல்லமும் தொடறதில்ல. பேரீச்சம்பழம், முந்திரி, தேன் மட்டும்தான்.

முந்திரின்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் மாட்டிகிட்டீங்க. முந்திரிக்கொட்டைய வறுத்தோ ஆவில வேக வச்சோதான் வழக்கமா உடைக்கிறாங்க, ஓட்டுல இருக்க எண்ணெய் பட்டா கை வெந்து போயிடும். கடைல வெள்ள வெளேர்னு பச்சை முந்திரின்னு விக்கிறது பெரும்பாலும் சூடு பாத்ததுதான். உங்க முந்திரிக்கு ஒரு நியாயம் என் அவலுக்கு ஒரு நியாயமா?

பச்சைப்புலி: ...வேர்க்கடலைக்கு மாறிக்கறேன்.

கைக்கணக்கு: மிக்ஸி ஜாரே சூடாகுதே, அது கணக்குல வராதா?

ஐயோ சாமி. இதுக்கு மேல சூடானா அது பச்சை இல்லன்னு 42 டிகிரில சில பேரு, 48ல சில பேரு கோடு போடறாங்க, விட்டு விட்டு ஓட்டி குளிர்ந்த தண்ணி ஊத்தினா எந்த கோட்டையும் தாண்டாது.

ஸ்கிரீன்ஷாட் சிங்காரி: சண்ட போடாம, குறிப்புக்கு பக்கத்துல ஒரு புள்ளி வச்சுட்டா என்ன? அடுப்பு பாத்த பொருள் சேந்திருந்தா சிவப்பு, இல்லன்னா பச்சை. அவங்கவங்களுக்கு வேணுங்கறத எடுத்துக்கலாம்.

பாருங்க, கத்துக்க வந்த பொண்ணு எனக்கு சொல்லிக்குடுக்குது. இப்பவே நாலாவது நோட்டுல புள்ளி வைக்க ஆரம்பிச்சுட்டேன். முதல் இருபது பக்கத்துல பதினொண்ணு சிவப்பு, நானே எதிர்பாக்கல.

மதுரை மல்லி: எனக்கு சுகர் இருக்கு, இதுல எத சாப்பிடலாம்?

உங்க டாக்டர்கிட்ட கேளுங்கமா. கிட்னி பிரச்சனை இருக்கவங்களும் அப்படித்தான், இளநீ, வாழப்பழம், கீரைல எல்லாம் பொட்டாசியம் அதிகம், கேக்காம ஆரம்பிக்காதீங்க.

புதுசு: வெயிட் குறையுமா?

தெரியாது. எனக்கு குறைஞ்சு மறுபடி ஏறிடுச்சு.

ஜிம் பாய்: பி12 எந்த காய்ல இருக்கு?

எதுலயும் இல்ல. பச்சையா தின்னாலும் வேக வச்சு தின்னாலும் இல்ல. ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாரு, குறைவா இருந்தா டாக்டர் மாத்திரை குடுப்பாரு.

மல்லித்தழை: குறிப்ப எப்படி அடுக்கறது? காலை, ராத்திரின்னா?

நானும் மொத நோட்ட அப்படித்தான் பிரிச்சேன், உதவல. கூடைல என்ன மிச்சம் இருக்கோ அத வச்சுத்தான நாம தேடுவோம்? அதனால காய் பேருல அடுக்குங்க. கடைசி ரெண்டு பக்கத்துல வாழத்தண்டு 6, 19, 44ன்னு பக்க நம்பர் மட்டும் எழுதிட்டு வந்தா போதும். மூணு தடவ செஞ்சும் சரியா வராதத அடிச்சிடுங்க, கிழிக்காதீங்க, இல்லன்னா அதயே மறுபடி செய்வீங்க. நான் எள்ளுப்பால நாலு தடவ செஞ்சேன், நாலு தடவையும் கசந்துச்சு, நாலாவது தடவதான் மொத மூணயும் கிழிச்சு போட்டது ஞாபகம் வந்துச்சு.

புதுசு: அக்கா அவல் இயற்கை உணவா?

மேல போய் படிப்பா. எனக்கு பயறு கழுவற நேரமாச்சு, ரெண்டாவது கழுவல்.