மகள் பக்டீரியா படிக்கப் போகிறாளாம்

வெள்ளவத்தை அம்மாவுக்கு,

மருத்துவத்துக்கு இசட் ஸ்கோர் (உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) காணாது என்று தெரிந்ததும், தண்ணீரில் உள்ள பார உலோகங்களின் நஞ்சைப் போக்கும் பக்டீரியா பற்றித்தான் படிப்பேன் என்று மகள் பிடிவாதமாக நிற்பதாகவும், கிருமியோடு விளையாடுபவளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் அது விளையாட்டில்லை.

ஈயம், கட்மியம், பாதரசம் எதையும் எந்த உயிராலும் தின்று தீர்க்க முடியாது, பக்டீரியா அவற்றின் உருவத்தைத்தான் மாற்றும். முலாம் பூசும் தொழிற்சாலைக் கழிவில் வரும் குரோமியம் 6 என்ற வடிவம் தண்ணீரில் கரைந்து ஓடும், புற்றுநோயும் தரும். பசிலஸ், சூடோமோனாஸ் இனங்கள் சில அதைக் குரோமியம் 3 ஆக்கிவிட்டால் நச்சு குறைந்து அடியில் படிந்துவிடும். சல்பேற்றைச் சுவாசிக்கும் வேறொரு கூட்டம் விடுகிற ஐதரசன் சல்பைட்டு (கூழ்முட்டை மணம், அதேதான்) நாகத்தையும் (துத்தநாகம்) கட்மியத்தையும் கரையாத சல்பைட்டாக்கிப் படிய வைக்கும். பாதரசம்தான் தலையிடி. சில பக்டீரியா அதை ஆவியாக்கி வெளியே விட்டுவிடும், தண்ணீர் சுத்தமாகும், காற்று கெடும், பிறகு அந்த ஆவியைப் பிடிக்க வேறு ஏற்பாடு வேண்டும்.

பார்த்தீர்களா, பாதிக்கு மேல் கெமிஸ்ட்ரி. பயோவை மட்டும் மனப்பாடம் செய்து உயர்தரத்தை ஒப்பேற்றிய பிள்ளை என்றால் கம்பஸில் இரண்டாம் வருடமே அழுவாள், அதனால் அவளிடம் முதலில் கேட்க வேண்டியது கெமிஸ்ட்ரி பிடிக்குமா என்பதைத்தான்.

களனிப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலுக்கென்றே தனித்துறை இருக்கிறது. விரிவுரைகள் ஆங்கிலத்தில், தமிழ் மீடியப் பிள்ளை முதலில் திணறும், கம்பஸ் தொடங்கும்வரை வீட்டில் சும்மா இருக்க விடாமல் ஆங்கிலம் படிக்க வையுங்கள்.

வேலை? 'உலோக பக்டீரியா நிபுணர் தேவை' என்று ஞாயிறுப் பத்திரிகையில் விளம்பரம் வராது. கழிவுநீர் சுத்திகரிப்பு, தண்ணீர், உணவுப் பரிசோதனை ஆய்வுகூடங்கள், தரக்கட்டுப்பாடு, இப்படித்தான் ஆரம்பம். களனி கங்கைக் கரையில் தொழிற்சாலைகள் நிற்கின்றன, அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது, கழிவை வெளியே விடும் தொழிற்சாலை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் எடுத்தாக வேண்டும், அதற்கு யாரோ ஒருவர் அந்தக் கழிவுநீரைப் பரிசோதிக்கத்தானே வேண்டும்? டொக்டர் சம்பளம் வராது, அதை மறைக்க மாட்டேன். அவள் ஆசைப்படும் ஆராய்ச்சிக்கு முதுமாணி, பிறகு கலாநிதிப் பட்டம், அநேகமாக வெளிநாட்டுப் புலமைப்பரிசிலோடு.

அடுத்த முறை அவளையும் கூட்டி வாருங்கள். அவளோடு தனியே பேச ஒரு அரை மணித்தியாலம் நீங்கள் வெளியே இருக்க வேண்டி வரும், கோபிக்காதீர்கள்.