விதை வெங்காயம் முளைத்துவிட்டதே, இனி நடலாமா?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஆடிக் கடைசியில் சந்தையில் "விதை வெங்காயம்" என்று சொல்லி விற்ற சின்ன வெங்காயம் மூன்று கிலோ வாங்கினாராம். மாடியில் ஆறு பைகளில் மண் கலந்து முடிப்பதற்குள் நாள் ஓடிவிட்டது. இரண்டு கிலோவைப் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சமையல் மேடைக்கு அடியிலும், ஒரு கிலோவை ஃப்ரிட்ஜிலும் வைத்திருந்தார். இப்போது புரட்டாசி. ஃப்ரிட்ஜில் இருந்தது பெரும்பாலும் முளைத்துவிட்டது, பையில் கட்டியதில் கொஞ்சம் முளைத்து, கொஞ்சம் அழுகி, மீதி அப்படியே கல் மாதிரி கிடக்கிறது. "முளைத்ததை நடலாமா, தூக்கிப் போடுவதா? அடுத்த முறை எப்போது வாங்கி எப்படி வைப்பது?" என்பது கேள்வி.

முதலில், தூக்கிப் போட வேண்டாம். முளைத்த வெங்காயத்தை எடுத்து அடிப்பக்கத்தை, அதாவது வேர் விடும் தட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நடலாம், அதுவும் இன்றைக்கே. கொழகொழ என்று அமுங்கினாலோ நாற்றம் வந்தாலோ அதைப் பையில் போடாதீர்கள், ஒரு அழுகல் காய் பக்கத்தில் இருக்கும் பத்தையும் கெடுக்கும். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இப்போது நடுவதில் முழு வெங்காயம் எதிர்பார்க்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கிவிடும், சென்னைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் பை ஈரம் காயாது, வெங்காயம் திரளும் நேரத்தில் வேர் அழுகும். அதனால் இதை வெங்காயத் தாளுக்கான பயிராக நினைத்துக்கொள்ளுங்கள். 35, 40 நாளில் தாளை அறுத்துப் பொரியலுக்கோ அடைக்கோ போட்டுவிடலாம்.

முளைக்காமல் கல் மாதிரி கிடப்பது ஏன்? இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. வெங்காயத்துக்குத் தூக்கம் உண்டு. அறுவடை செய்த புதுக் காயை மண்ணில் வைத்தால் உடனே முளைக்காது, ஈரத்தில் சும்மா கிடந்து பாதி அழுகும். விவசாயிகள் அறுவடை செய்து ஏறக்குறைய இரண்டு மாதம் காற்றாட வைத்த பிறகுதான் அதை விதைக்கு எடுப்பார்கள். உங்கள் மூன்று கிலோவில் பழைய காயும் புதுக் காயும் கலந்திருக்கிறது, அவ்வளவுதான். பழையது விழித்துக்கொண்டது, புதியது தூங்குகிறது. சித்திரை, வைகாசியில் நட்டது ஆடி வாக்கில் அறுவடைக்கு வரும், அந்தச் சமயத்தில் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி புதுக் காய்தான். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுத் தோட்டக்காரர்கள் ஆடியில் கிளம்பும்போது வியாபாரிகள் அந்தப் புதுக் காயையே "விதை" என்று பெயர் மாற்றி, கிலோவுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள்.

இந்தப் பெயர் மாற்றும் வேலைதான் எனக்குப் பெரிய வருத்தம். சமையலுக்கு விலை போகாத பொடி வெங்காயத்தைச் சலித்து எடுத்து "விதைக்கு நல்லது" என்று மூட்டை கட்டுவது, எடை கூடத் தண்ணீர் தெளித்து வைப்பது, மேலே நல்ல காயும் அடியில் சூம்பலும் போடுவது எல்லாம் நான் கண்ணால் பார்த்தவை. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள், விதை என்பதற்குச் சொல்லியிருக்கும் விளக்கத்திலேயே குமிழும் கிழங்கும் நாற்றும் அடக்கம். சட்டம் வந்து இத்தனை வருடமாகியும் சந்தையில் விற்கும் ஒரு விதை வெங்காய மூட்டையில் என்ன ரகம், எந்த மாதம் அறுத்தது என்று சொல்லும் சீட்டை நான் பார்த்ததில்லை. பணியில் இருந்தபோது கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டிருக்கிறேன், "பார்க்கலாம்" என்று எழுதிக்கொள்வார்கள். அவர்கள் பார்க்கும் வரை நீங்கள்தான் பார்த்து வாங்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்றால், கடையில் ஒரு காயை வாங்கி நெடுக்குவாட்டில் இரண்டாக வெட்டுங்கள். உள்ளே நடுவில் பச்சை நிறத்தில் குருத்து மேலேறி வந்திருந்தால் அது விழிக்கும் நிலையில் இருக்கிற காய், நடுவதற்கு ஏற்றது. வெறும் வெள்ளையாக இருந்தால் புதுக் காய். அப்புறம் கைப்பிடி அள்ளிக் குலுக்கினால் தோல் சருகு மாதிரி சலசலக்க வேண்டும், கழுத்து மூடி இறுகியிருக்க வேண்டும், வேர் முடி காய்ந்து தேய்த்தால் உதிர வேண்டும். வெட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

அளவும் முக்கியம். ஆறு பைக்கு மூன்று கிலோ எதற்கு? காய்க்குக் காய் நான்கு விரல் இடைவெளி விட்டால் 15 அங்குலப் பையில் பத்துதான் பிடிக்கும், ஆறு பைக்கு அறுபது. கழிவு போக அரைக் கிலோ தாராளம். மீதி இரண்டரைக் கிலோவை வைத்துக் காப்பாற்றும் கவலையே உங்களுக்கு வந்திருக்காது.

சரி, எப்போது நடுவது? தமிழ்நாட்டில் சின்ன வெங்காயத்துக்குச் சொல்லும் பட்டங்கள், அதாவது நடவுக் காலங்கள், ஏப்ரல், மே ஒன்று, அக்டோபர், நவம்பர் ஒன்று. பெரம்பலூர், திண்டுக்கல், திருப்பூர் பக்கத்து மேட்டு நிலத்துக்கு அது சரி. தாம்பரத்து மொட்டை மாடிக்கு இரண்டுமே சரிவராது, ஒன்றில் மழை, இன்னொன்றில் தரை கொதிக்கும். நீங்கள் தை முதல் வாரத்தில் நடுங்கள். மழை ஓய்ந்திருக்கும், பனி இருக்கும், பழைய ரகங்கள் 65, 70 நாளில் முடிந்துவிடும், பங்குனியில் கையில் வெங்காயம். நடும் நாளிலிருந்து பின்னால் எண்ணி, மார்கழி நடுவில் வாங்கினால் போதும். அந்த நேரம் பட்டறையில், அதாவது விவசாயிகள் வெங்காயம் சேமிக்கும் கொட்டகையில், வைத்திருந்த பழைய காய் விற்பனைக்கு வரும், அதைக் கேட்டு வாங்குங்கள். ஊர்ப் பக்கம் வெங்காயம் போடுகிற சொந்தக்காரர் இருந்தால் அவரிடம் ஒரு கொத்து வாங்கி வருவது எல்லாவற்றையும் விட நல்லது.

அந்த இரண்டு, மூன்று வாரம் எப்படி வைப்பது என்பதற்குப் பட்டறையைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். தரையிலிருந்து கல் வைத்து உயர்த்தி, அடியில் காற்றுப் போக வழி விட்டு, பக்கத்தில் மூங்கிலோ தட்டையோ அடைத்து, மேலே கீற்று வேய்ந்திருப்பார்கள். எல்லாம் காற்றுக்காகத்தான். நம் ஊர் வெக்கை வெங்காயத்துக்குப் பிரச்சினை இல்லை, 25, 30 டிகிரியில் அது நன்றாகவே தூங்கும். ஃப்ரிட்ஜின் குளிர்தான் அதை எழுப்பிவிடும், கூடவே ஈரமும் சேர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் பையோ அழுகலுக்கு நாமே கட்டிக் கொடுக்கும் வீடு. மூங்கில் கூடையிலோ வலைப் பையிலோ போட்டு, மழைச் சாரல் படாத வராந்தாவில் தொங்கவிடுங்கள். காய்ந்த தாளோடு கிடைத்தால் தாளைக் கிள்ளாமல் கொத்தாகவே கட்டித் தொங்கவிடலாம். வாரம் ஒரு முறை கை விட்டுக் கிளறி, நசுங்கியதையும் கருப்புப் பொடி படிந்ததையும் எடுத்துவிடுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பங்குனியில் மறுபடி எழுதுவீர்கள். நம் பழைய சின்ன வெங்காயம் சமவெளியில் சாதாரணமாகப் பூக்காது, அதனால்தான் காலங்காலமாகக் காயையே விதையாக வைத்து வந்தோம். பிறகு வேளாண் பல்கலைக்கழகம் கோ 5 என்று ஒரு ரகம் கொடுத்தது. அது பூத்து விதை கட்டும், விதையிலிருந்து நாற்று விட்டு நடலாம், 90 நாள் ஆகும். ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய் வாங்கிப் போட்ட விவசாயிக்கு விதைச் செலவு வெகுவாகக் குறைந்தது, நல்ல காரியம். ஆனால் அப்படி விதையில் வந்த காயும் இன்று அதே சந்தையில்தான் கலந்து கிடக்கிறது, வெளித்தோற்றத்தில் பிரித்துச் சொல்ல எனக்கே முடியாது. அந்தக் காயை நீங்கள் பனிக்காலத்தில் நட்டால் நடுவிலிருந்து பூத்தண்டு எழும்பி, சத்தெல்லாம் அதற்குப் போய்விடும். பெரிய வெங்காயத்தை நட்டாலும் இதே கதைதான், உருண்டு பெருக்காது, தண்டு விடும். பூத்தண்டு கண்டதும் அடியோடு ஒடித்துவிடுங்கள். அந்தச் செடியின் காயைச் சாப்பிடலாம், அடுத்த வருடத்துக்கு விதையாக மட்டும் எடுத்து வைக்காதீர்கள். பூக்காத செடிகளுக்கு ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்து, அவற்றிலிருந்தே விதைக்கு எடுத்தால் இரண்டு வருடத்தில் உங்கள் மாடிக்கென்று ஒரு வெங்காயம் நிலைத்துவிடும்.

ஆன்லைனில் "ஆனியன் செட்" (நடுவதற்கான குட்டி வெங்காயம்) என்று வெளிநாட்டுப் படம் போட்டு விற்பதைத் தொடவே வேண்டாம். குளிர்நாட்டு ரகங்கள் பல 14 மணி நேரத்துக்கு மேல் பகல் இருந்தால்தான் காய் கட்டும். சென்னையின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. எத்தனை உரம் போட்டாலும் தாள்தான் வரும். தேதி போடாத வெங்காய விதைப் பொட்டலமும் வேண்டாம், வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினால் முளைப்பு விழுந்துவிடும்.

நடுவது ரொம்ப எளிது. அழுகலைத் தடுக்க, கிலோவுக்கு 5 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி தூளைப் பிரட்டி (பாக்கெட்டில் காலாவதித் தேதி பாருங்கள், அது உயிருள்ள பூஞ்சை), வேர்ப் பக்கம் கீழே இருக்க, மூக்கு மண்ணோடு மண்ணாகத் தெரியும் ஆழத்தில் ஊன்றுங்கள். ஆழப் புதைத்தால் அழுகும். நட்ட அன்று ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், அதன் பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும். தாள் மஞ்சளாகித் தலை சாய ஆரம்பித்ததும் தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் கழித்துப் பிடுங்கி நிழலில் உலர்த்துங்கள்.

கல் மாதிரி இருக்கிறது என்றீர்களே, அதைப் பிளாஸ்டிக் பையிலிருந்து இன்றைக்கே வெளியே எடுத்து ஒரு நாள் நிழலில் பரப்பிவிட்டு, வலைப் பையில் கட்டித் தொங்கவிடுங்கள். தை வரை தாங்கினால் அதையே நடலாம், இடையில் முளை காட்டினால் சாம்பாருக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.