அப்பாவின் புல்லட்டை வெட்டலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நார்ட்டன் பிரேமில் டிரையம்ப் இன்ஜின் பூட்டிய டிரைட்டன் பைக்குகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். 'பழைய வண்டி ஓட்டுவதற்கு, பூஜை போடுவதற்கு இல்லை' என்ற வரி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவின் புல்லட் 350, 1972 மாடல். பழைய மூன்றெழுத்து நம்பர். அப்பா தவறி ஆறு வருடம் ஆகிறது. அதற்கும் முன்பிருந்தே வண்டி ஓடாமல் தோட்டத்துச் சாளையில் நிற்கிறது. பால் கேன் மாட்ட இடது பக்கம் இரண்டு கொக்கி வெல்டிங் வைத்திருப்பார். பெங்களூரில் ஒரு கடையில் போட்டோ காட்டினேன். பின்பக்க பிரேமை வெட்டித் தட்டையான சீட், ஃபோர்க்கைக் கவ்வும் தாழ்வான கிளிப்-ஆன் ஹேண்டில், கால் மிதியைப் பின்னால் தள்ளும் ரியர்-செட், மேட் பிளாக் பெயின்ட், சைலன்சர் குழாய்க்கு நாடா சுற்றி, எல்லாம் சேர்த்து இரண்டே முக்கால் லட்சம் என்றார்கள். 'அந்த வண்டிய வெட்டுனா உங்கப்பன வெட்டுன மாதிரி' என்கிறார் மாமா. 'ஒரிஜினல் கண்டிஷனுக்குக் கொண்டுவா, விலையே வேற' என்கிறான் நண்பன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இப்படி ரேஸ் வண்டி மாதிரி மாற்றிய கஃபே ரேசர் மீது எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே ஆசை. தினமும் ஓட்டவும் வேண்டும். ஆசைப்படுவது தப்பா?

எஸ்.,
கோபிசெட்டிபாளையம்

*

அன்புள்ள எஸ்,

ஆசை தப்பே இல்லை. கடைக்காரர் போட்டுக் கொடுத்த பட்டியல்தான் தப்பு. ஓட்டுவதற்கு என்று எழுதியது நான்தான், இன்றும் அதையே சொல்வேன். வெட்டுவதற்கு என்று எழுதவில்லை.

கஃபே ரேசர் என்றால் இப்போது செல்போன் திரையில் ஒரு உருவம் வருகிறது: கறுப்புப் பெயின்ட், பலகை மாதிரி சீட், பின்னால் மட்கார்டே இல்லாத டயர். 1950களின் லண்டன் பையன்களுக்கு இந்த உருவத்தைப் பற்றிய கவலை அவ்வளவாக இல்லை, வேகம்தான் கணக்கு. நார்த் சர்குலர் ரோட்டில் லாரி டிரைவர்களுக்காக 1938இல் திறந்தது ஏஸ் கஃபே. போரில் குண்டு விழுந்து இடிந்ததை 1949இல் மறுபடி கட்டினார்கள். ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும், பைக் பையன்கள் கூடும் இடமாயிற்று. கஃபே ரேசரின் 'கஃபே' இந்த மாதிரிக் கடைதான். ஊருக்கு வெளியே வேகக் கட்டுப்பாடு என்ற ஒன்று பிரிட்டனில் 1965 டிசம்பர் வரை கிடையாது. மணிக்கு 100 மைல், நம் கணக்கில் 160 கிலோமீட்டர், தொட்டவன்தான் அந்தக் கூட்டத்தில் ஆள்.

அந்த வேகத்தில் காற்றுதான் எதிரி. அதனால் ஹேண்டில் கீழே இறங்கியது. கை முன்னால் போய்விட்டால் கால் பழைய இடத்தில் இருக்க முடியாது, முதுகு ஒடியும். அதனால் கால் மிதி பின்னால் போனது. ஆள் டேங்க் மேல் படுத்த பிறகு ஆக்சிலேட்டர் கொடுத்தால் பின்னால் வழுக்குகிறான், ஆகவே சீட்டின் முடிவில் ஒரு திமில் வந்தது. ஒரு மாற்றம் அடுத்த மாற்றத்தை இழுத்துக்கொண்டு வந்ததே தவிர யாரும் அழகுக்கு என்று உட்கார்ந்து வரையவில்லை.

நீங்கள் வாசித்த டிரைட்டன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நார்ட்டன் கம்பெனியின் ஃபெதர்பெட் பிரேமை வடிவமைத்தவர் பெல்ஃபாஸ்ட்காரர் ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ். 1950இல் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தை ஜெஃப் டியூக் ஜெயித்தது அந்த பிரேமில்தான். அதே காலத்தில் 500 சிசி குட்டி ரேஸ் கார் ஓட்டியவர்களுக்கு நார்ட்டன் மேங்க்ஸ் ரேஸ் பைக்கின் இன்ஜின் தேவைப்பட்டது. தனி இன்ஜின் தர கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. முழு வண்டியையும் வாங்கி, இன்ஜினைக் கழற்றிக் காரில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை மூலையில் தள்ளிவிட்டார்கள். உலகத்திலேயே நல்ல பிரேம் இன்ஜின் இல்லாமல் அநாதையாகக் கிடந்தது. அதை வாங்கி டிரையம்ப் கம்பெனியின் இரட்டை சிலிண்டர் இன்ஜினைப் பூட்டினார்கள், டிரைட்டன் ஆயிற்று. பின்னாளில் நல்ல வண்டிகளையும் பிரித்தவர்கள் உண்டு. ஆனால் தொடக்கம் இப்படித்தான், மீந்து கிடந்ததிலிருந்து.

கம்பெனியே செய்து விற்றதும் நடந்தது. அதுவும் உங்கள் வண்டியின் பங்காளிதான். 1961இல் பிரிட்டனில் லைசென்ஸ் பழகும் பையன்கள் 250 சிசிக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு 1964இல் அவர்களைக் குறிவைத்து கான்டினென்டல் ஜிடி 250ஐ இறக்கியது. சிவப்பு ஃபைபர் டேங்க், கிளிப்-ஆன், ரியர்-செட் எல்லாம் கம்பெனி பிட்டிங். ஸ்காட்லாந்தின் வட கோடியிலிருந்து இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடி வரைக்கும் ஆள் மாற்றி ஆள் ஓட்டி 24 மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டி விளம்பரம் செய்தார்கள். பெரிய வண்டி ஓட்டச் சட்டம் விடாத பையன்களுக்காக வந்த வண்டி அது.

இனி சாளையில் நிற்கும் வண்டிக்கு வருவோம். 346 சிசி, ஏறக்குறைய 18 குதிரைசக்தி. போர், அதாவது சிலிண்டரின் அகலம், 70 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், 90 மில்லிமீட்டர். பிஸ்டன் இவ்வளவு தூரம் ஏறி இறங்கும் இன்ஜின் இழுவைக்காகப் பிறந்தது. உங்கப்பா இரண்டு கேன் பாலையும் மாட்டிக்கொண்டு தோட்டத்து மண் பாதையில் இரண்டாவது கியரில் போயிருப்பார், இன்ஜின் மூச்சுகூட வாங்கியிருக்காது. அதை டேங்க் மேல் படுத்துக்கொண்டு ஓட்டினால் எந்தக் காற்றை வெல்லப் போகிறீர்கள்? நூறைத் தாண்டினால் அதிர்வில் உங்கள் பல்லும் வண்டியின் போல்ட்டும் சேர்ந்தே ஆடும்.

அந்தப் பட்டியலில் என்னை அதிகம் உறுத்தியது ரியர்-செட். உங்கள் வண்டியில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். கிக்கரும் வலது பக்கம்தான். கால் மிதியைப் பின்னால் தள்ளினால் கிக்கர் இறங்கி வரும் பாதையில் அது குறுக்கே நிற்கும். மடங்கும் மிதி போடவில்லை என்றால் முதல் உதையிலேயே இரும்பில் இரும்பு மோதும். கியர் லீவரைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பினால் கியர் போடும் திசையே தலைகீழாகும். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே என்று இருப்பது முதல் கீழே, மற்றவை மேலே என்று மாறும். அதையாவது பழகிக்கொள்ளலாம். குதிகாலால் தட்டி நியூட்ரல் எடுக்கும் குட்டி லீவர் இருக்கிறதே, புல்லட்காரர்கள் சிக்னலில் கால்மேல் கால் போட்டுக்கொள்ளாத குறையாக நிற்பது அதன் புண்ணியத்தில், அது காலுக்கு எட்டாமல் போகும். போட்டோவைப் பார்த்தே இரண்டே முக்கால் லட்சம் சொன்னவர் இதில் எதையாவது உங்களிடம் பேசினாரா?

கிளிப்-ஆனும் அப்படித்தான். அது ஃபோர்க் குழாயை நேராகக் கவ்வ வேண்டும். புல்லட்டில் குழாயின் தலையை மூடிக்கொண்டு ஹெட்லைட், ஸ்பீடாமீட்டர், ஆம்ப்ஸ் முள் எல்லாவற்றையும் தாங்கும் ஒரே வார்ப்பு இருக்கிறது. இரண்டு பக்கமும் புலிக்கண் போல இரண்டு சின்ன விளக்கு இருக்குமே, அதேதான். கிளிப்-ஆன் வேண்டும் என்றால் அந்த முகத்தையே கழற்றி எறிய வேண்டும். முகம் போன புல்லட் எப்படியிருக்கும் என்று பார்த்திருக்கிறேன். ஏதோ ஒரு கறுப்பு வண்டியாக இருக்கும்.

மாமா சொல்வதையும் நான் அப்படியே ஏற்க மாட்டேன். வண்டி அப்பா இல்லை. நண்பர் சொல்லும் ஒரிஜினல் கண்டிஷனில் எனக்கு வேறொரு தகராறு இருக்கிறது. ஒரிஜினல் வெறியர் கையில் கொடுத்தால் அவர் முதலில் கட்டிங் மெஷின் வைக்கப்போவது அந்தப் பால் கொக்கியில்தான். கம்பெனி போடாத எதுவும் அவர் கண்ணுக்குக் குப்பை. பெங்களூர்க்காரரும் அதைத்தான் வெட்டுவார். இரண்டு பேரும் எதிர் எதிர்க் கட்சி, ஆனால் அந்தக் கொக்கி விஷயத்தில் ஒரே கூட்டணி. என்னைக் கேட்டால் கொக்கி இருக்கட்டும். வெல்டிங் வைத்த இடத்தில் பிரேமில் விரிசல் ஓடியிருக்கிறதா என்று பெயின்டைச் சுரண்டிப் பார்த்துவிடுங்கள். இல்லை என்றால் தொடாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற விடுவதில்லை. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று சேர்த்தார்கள். உங்கள் பட்டியலை எடுத்து எண்ணிக்கொள்ளுங்கள். இன்னொன்று, 2021இல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டி, பிரேமும் இன்ஜினும் மாறாமல் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி மாதிரிக் காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டத்துக்கு இல்லை. எனவே உங்களுக்கு இப்போது அது வேண்டாம். ஆனால் பிரேமை ஒரு தடவை வெட்டிவிட்டால் அந்த வழி நிரந்தரமாக அடைபடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஆர்.சி.யைப் பாருங்கள். இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும், காலாவதியும் ஆகியிருக்கும். இறந்தவர் பெயரிலிருந்து மாற்றப் படிவம் 31, பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள். அம்மாவிடம் கையெழுத்துக்குப் போகும்போது வண்டியை என்ன செய்யலாம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். இதுவரை நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. பிரேம் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் கடையில் பவுடர் கோட்டிங் அடித்து நம்பரை மூடிவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அல்லாட வேண்டியிருக்கும்.

வேலையை இன்ஜினிலிருந்து ஆரம்பியுங்கள். இவ்வளவு நாள் நின்ற புல்லட்டை ஆர்வத்தில் போய் உதைத்துவிடாதீர்கள். ஆயில் டேங்க் இன்ஜின் வார்ப்புக்குள்ளேயே இருக்கிறது. நின்றே கிடந்தால் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி எல்லாவற்றையும் வடியவிட்டு, புது ஆயில் ஊற்றி, பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஆயில் பம்ப் ஏற்றுகிறதா என்று தெரிந்த பிறகு மற்றது.

அதற்கப்புறம் டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி. வலது பக்கம் சிலிண்டரின் அடியில் ஒற்றை நட்டில் நிற்கும் மூடியைக் கழற்றினால் வால்வைத் தள்ளித் திறக்கும் கம்பிகளான இரண்டு புஷ்ராடும் தெரியும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் அமுக்கத்தில் மேலே நிற்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துச் சுற்றினால் புஷ்ராட் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் மட்டும் ஆடக்கூடாது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வேண்டாம், விரல் போதும். நீங்கள் பார்க்கிற மெக்கானிக் இதை விரலால் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்த்தால் வண்டியை நம்பி விடலாம். மூடியைத் திறக்காமலே 'இன்ஜினை இறக்கிடலாம் சார்' என்று ஆரம்பிக்கிறவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

காசைப் பிரேக்கில் போடுங்கள். முன்னும் பின்னும் டிரம். லைனிங் காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். புது லைனிங் ஒட்டி, டிரம்மை லேத்தில் லேசாகக் கடைந்து, ஷூ முழுவதும் படிகிற மாதிரி தேய்த்துப் போடச் சொல்லுங்கள். ஸ்போக்ஸ், வீல் பேரிங், கோன் செட், டயர், ஒயரிங் எதையும் பழசு போதும் என்று விடாதீர்கள். இவ்வளவும் முடித்தாலும் அந்த இரண்டே முக்கால் லட்சத்தைத் தொட மாட்டீர்கள். பிறகு ஒரு வருடம் அப்படியே ஓட்டுங்கள்.

அதற்கப்புறமும் ஆசை அடங்கவில்லை என்றால், ஸ்பேனரால் போட்டு ஸ்பேனரால் கழற்றக்கூடியதைச் செய்யுங்கள். பழைய கவ்விகளிலேயே உட்காரும் தாழ்வான ஹேண்டில் கிடைக்கிறது, வார்ப்பைத் தொட வேண்டியதில்லை. இருக்கிற ஓட்டைகளிலேயே மாட்டும் ஒற்றை சீட் போடலாம். ஹேண்டிலையும் சட்டம் மாற்றமாகத்தான் எண்ணும், ஆனால் தகுதிச் சான்றுக்கு (எப்.சி.) போகும்போது பழையதை அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம். சைலன்சரில் கை வைக்காதீர்கள், ஊருக்குள் இருக்கிற சத்தமே போதும்.

முழுக் கஃபே ரேசர்தான் வேண்டும், வெட்டித்தான் தீருவேன் என்றால் அதற்கு வேறு வண்டி பாருங்கள். லண்டன் பையன்கள் செய்ததும் அதைத்தானே. சைடு பாக்ஸ் இல்லாமல், டேங்க் நசுங்கி, யாரும் சீந்தாமல் கிடக்கும் தொண்ணூறுகளின் புல்லட் உங்கள் பக்கத்திலேயே ஏதாவது ஒரு மெக்கானிக் ஷெட்டின் மூலையில் இருக்கும். பேப்பர் சரியாக இருந்தால் வாங்குங்கள். மிச்சச் சாமானுக்குச் சென்னைக்கு வாருங்கள். பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை, புது பிட்டிங்குகளுக்கு ஜி.பி. ரோடு. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், பாதிக் கடை பூட்டியிருக்கும். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுவாருங்கள், வாயால் அளவு சொல்லி வாங்கினால் இரண்டு தடவை அலைய வேண்டிவரும்.