விலையை ஏற்றுங்கள், வீசையைக் குறைக்காதீர்கள்

கேள்வி: ஞாயிறு ஆராதனையை நான் தவறவிடுவதில்லை, தசமபாகம் கொடுக்கிறேன், வீட்டில் குடும்ப ஜெபம் உண்டு. சின்னதாக ஒரு பருப்புக் கடை வைத்திருக்கிறேன். வியாபாரம் என்று வந்தால் எடையிலும் கலப்பிலும் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்கிறேன், இல்லாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். கடைப் பையன் பௌத்தன். வியாபாரம் மந்தம் என்பதால் அவனுக்கு 2 மாதச் சம்பளம் பாக்கி. அன்றாட வாழ்க்கையில் விசுவாசத்தை வாழ்ந்து காட்டுங்கள் என்று போதகர் சொல்கிறார். கடையில் வசனப் பலகை மாட்டலாமா? பையனுக்கு எப்படிச் சாட்சி சொல்வது?
– பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், ரங்கூன்

பதில்: சகோதரரே, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வசனப் பலகையைப் பற்றியும் சாட்சியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் பதில் தேவைப்படுகிற விஷயங்களை நீங்கள் கேள்வியாகவே எழுதவில்லை, போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எடை, கலப்பு, பையனின் 2 மாதச் சம்பளம். நான் அங்கேதான் நிற்கப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் எடை. நம் ஊரில் இன்னும் வீசைக் கணக்குத்தான், ஒரு வீசை 1.63 கிலோ, 100 கியாத்தா. வீசைக்கு 2 கியாத்தா குறைத்தால் வாங்குகிறவர் கையில் அது தெரியவே தெரியாது, வீட்டில் போய் நிறுத்துப் பார்க்க யாரிடமும் தராசும் கிடையாது. ஆனால் நாளைக்கு 50 வீசை விற்றால் ஒரு முழு வீசை உங்கள் சாக்கிலேயே மிஞ்சிவிடும். அந்த ஒரு வீசையை விற்ற பணத்திலும் பத்தில் ஒரு பங்கை எடுத்து நீங்கள் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் போடுகிறீர்கள். நன்றாக யோசித்துப் பாருங்கள், அது யாருடைய பணம்? பக்கத்துச் சந்தில் மொஹிங்கா என்கிற மீன் நூடுல்ஸ் விற்கிறாரே ஒரு அம்மா, அதற்குப் போட்டுக்கொள்ளும் பருப்பு வடைக்கு உங்களிடம் பருப்பு வாங்குகிறாரே, அவருடைய பணம். அவரிடம் கேட்காமல் அவர் பேரைச் சொல்லாமல் அவருடைய காசை நீங்கள் கர்த்தருக்குக் கொடுக்கிறீர்கள்.

மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் இயேசு பரிசேயரைப் பார்த்துப் பேசுகிற இடம் மளிகைக் கடைக்காரர்களுக்கு என்றே சொன்னது போல இருக்கும். வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்துகிறீர்கள், ஆனால் நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்கிறார். தசமபாகத்தை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இதையும் செய்ய வேண்டும், அதையும் விடக்கூடாது என்றுதான் முடிக்கிறார். ஆமோஸ் 8-ஆம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. அங்கே வருகிற வியாபாரிகள் ஓய்வுநாளை மீறுகிறவர்கள் இல்லை, ஒழுங்காக அனுசரிக்கிறவர்கள், ஓய்வுநாள் எப்போது முடியும் என்று காத்திருக்கிறார்கள், முடிந்தவுடன் மரக்காலைக் குறைத்துப் பதரைக் கலந்து விற்கலாமே என்று. நம் சபையில் கடைசிப் பாட்டு பாடும்போது எத்தனை பேர் மனசு கடைக்குப் போய்விடுகிறது என்று எனக்குத் தெரியும், என் மனசும் போயிருக்கிறது.

சரி, எல்லாரும் செய்கிறார்களே என்கிறீர்கள். என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். 1964-இல் கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டு, 50, 100 கியாத் நோட்டுகளும் செல்லாது என்று ஆனபோது கையில் இருந்தது எல்லாம் போய், நம் சனங்கள் கப்பல் கப்பலாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். பெரியப்பா போகவில்லை. பின்னால் அரசு நடத்திய மக்கள் கடை ஒன்றில் அளந்து கொடுக்கிற வேலை கிடைத்தது. அந்தக் காலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எண்ணெயும் அரிசியும் சோப்பும் அட்டைக்குத்தான், முன்வாசலில் இல்லாத சரக்கு பின்வாசல் வழியாக மௌங்கோ என்கிற கள்ளச் சந்தைக்குப் போய்விடும், அங்கே போகாத கை அபூர்வம். பெரியப்பா எண்ணெய் அளக்கும்போது குவளையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பார், கடைசிச் சொட்டு வாங்குகிறவரின் புட்டியில் விழும்வரை. வரிசையில் நிற்கிறவர்கள் சத்தம் போடுவார்கள், சீக்கிரம் ஊற்றுய்யா என்பார்கள். ஒரு நாள் நானே கேட்டேன், ஏன் பெரியப்பா இவ்வளவு நேரம் என்று. குவளையில் ஒட்டுகிற எண்ணெய் ஒரு சொட்டுதான், ஆனால் சாயங்காலத்துக்குள் அது ஒரு புட்டி ஆகிவிடும், அந்தப் புட்டியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தால் உன் பெரியம்மா அதில் சமைப்பாள், அப்புறம் அந்தச் சோற்றுக்கு நான் எப்படி ஜெபம் பண்ணுவேன் என்றார். அவருக்குப் பிரசங்கம் பண்ண வராது, சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னதையும் நான் கேட்டதில்லை. ஆனால் அந்தத் தெருவில் இருந்த பர்மியக் குடும்பங்கள் அவர் அடக்கத்துக்கு வந்தபோது கோயிலுக்குள் இடம் இல்லை.

அதனால் பெரியப்பா செழித்தாரா என்று கேட்பீர்கள். இல்லை, கடைசிவரை வாடகை வீடுதான். நேர்மையாக இருங்கள், வியாபாரம் பெருகும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அப்படி வாக்குக் கொடுக்கிற பிரசங்கங்கள் நம் சபைகளில் நிறையக் கேட்கிறோம், அவை வசனத்தில் இல்லாததைச் சேர்க்கின்றன. வரி வசூலித்த சகேயு நியாயமான ஆள் ஆன அன்று பணக்காரன் ஆகவில்லை, பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுத்தான், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பினான். நஷ்டம்தான்.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. 2021-க்குப் பிறகு கியாத்தின் மதிப்பு எப்படி விழுந்தது, மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும், ஜெனரேட்டருக்கு டீசல் என்ன விலை, எல்லாம் நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மொத்தச் சந்தையில் உளுந்துக்கும் துவரைக்கும் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை, இந்தியாவுக்கு எவ்வளவு போகிறது என்பதைப் பொறுத்து இங்கே ஆடுகிறது. நீங்கள் விற்கிற விலையில் கட்டுப்படியாகவில்லை என்றால் விலையை ஏற்றுங்கள். வீசையைக் குறைக்காதீர்கள். பலகையில் எழுதிய விலையைப் பார்த்து அந்த மொஹிங்கா அம்மா வாங்கலாம், வேறு கடைக்குப் போகலாம், முக்கால் வீசை போதும் என்று சொல்லலாம், முடிவு அவர் கையில் இருக்கும். தராசில் செய்கிற வேலை அந்த முடிவை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது. பழைய பருப்பு இருந்தால் பழைய பருப்பு என்று தனியாக வைத்துக் குறைந்த விலைக்கு விற்றுவிடுங்கள், வாங்க ஆள் வரும், இந்த ஊரில் இன்று மலிவு தேடாத வீடு எது? சிலர் போய்விடுவார்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இனி அந்தப் பையன். 2014 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் நூற்றுக்கு ஆறு பேர்தான் கிறிஸ்தவர்கள், அவன் மற்றப் பக்கத்தில் இருக்கிறவன், உங்களைவிட்டால் அவனுக்கு நெருக்கமாக ஒரு கிறிஸ்தவரைத் தெரியாமலும் இருக்கலாம். நீங்கள் தராசில் கை வைப்பதைப் பார்க்கிற ஒரே ஆளும் அவன்தான், சொல்லப்போனால் அதைக் கற்றுக்கொண்டதே உங்களிடம்தான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஆராதனையில் இருக்கும்போது கடையைத் திறந்து வைத்திருக்கிறவனும் அவன்தானே? அவனுக்குத் தடிஞ்சூட் விளக்குத் திருவிழாவுக்கு ஊருக்குப் போக லீவு கொடுத்தீர்களா, கையில் காசு கொடுத்தீர்களா? அவனுக்கு எப்படிச் சாட்சி சொல்வது என்று என்னிடம் கேட்கிறீர்கள். 2 மாதமாக நீங்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், அவனும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. வியாபாரம் மந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதே 2 மாதத்தில் தசமபாகம் தவறவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய் மனஸ்தாபத்தைத் தீர்த்துவிட்டு வா என்று சொன்னவர் இந்த மாதம் உங்கள் காணிக்கைக்காகக் காத்திருக்க மாட்டாரா? போதகர் ஏதாவது கேட்டால் என் பதிலைக் காட்டுங்கள்.

அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சன் 1813-இல் இதே ரங்கூனில் வந்து இறங்கினார், முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819-இல், நடுவில் 6 வருடம். அந்த 1819-இல்தான் பகோடாவுக்குப் போகிற பாதையில் வழிப்போக்கர் தங்குகிற மாதிரி ஒரு சயாட் கட்டி, வருகிறவர் போகிறவர் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்தார். உங்களுக்கு அப்படி ஒன்று கட்ட வேண்டியதில்லை, தெருவைப் பார்த்த கடை ஏற்கெனவே இருக்கிறது, நாள் முழுக்க ஆட்கள் வந்து போகிறார்கள்.

வசனப் பலகை கேட்டீர்கள். மாட்டுங்கள், ஆனால் இப்போது வேண்டாம். முதலில் பையனின் பாக்கியைக் கொடுங்கள், மொத்தமாக முடியாவிட்டால் எத்தனை தவணை என்று அவனிடம் உட்கார்ந்து பேசுங்கள், தாமதித்ததற்கு மன்னிப்பும் கேளுங்கள், முதலாளி கேட்கலாமா என்று யோசிக்காதீர்கள். அப்புறம் தராசைச் சரிபாருங்கள், அதையும் அவன் முன்னாலேயே செய்யுங்கள், இனி இப்படித்தான் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு பலகை மாட்டத் தோன்றினால் நீதிமொழிகள் 11:1-ஐ எழுதி மாட்டுங்கள்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது; சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." பர்மிய மொழியிலும் எழுதுங்கள், பையனும் அந்த அம்மாவும் படிக்க வேண்டும். எனக்கு மறுபடியும் கடிதம் எழுதுங்கள், பாக்கியைக் கொடுத்தபோது அவன் என்ன சொன்னான் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.