பதினொன்றில் கணிதப் பிரிவு: முடிவெடுக்கும் முன் ஒரு கணக்கு

உங்கள் மகளுக்குப் பிரதியிடல் முறையே (ஒரு சமன்பாட்டில் கிடைத்ததை இன்னொன்றில் போட்டுத் தீர்ப்பது) வரவில்லை, இந்த நிலையில் பதினொன்றில் கணிதப் பிரிவு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை புரிகிறது அம்மா. ஒன்பதாம் வகுப்புப் பாடம் அது. பத்தாம் வகுப்பில் மூன்று மாறிகளோடு மறுபடி வருகிறது. ஆனால் 'வரவில்லை' என்பதை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது. எந்த வரியில் தடுக்குகிறது என்று தெரிய வேண்டும்.

இந்தக் கணக்கைக் கொடுங்கள். அப்பாவின் வயது மகன் வயதைப் போல் மூன்று மடங்கு. 12 ஆண்டுகள் கழித்து இரு மடங்காகும். இப்போது இருவருக்கும் என்ன வயது?

அப்பா வயது அ, மகன் வயது ம என்றால், அ = 3ம என்பது முதல் சமன்பாடு. அ + 12 = 2(ம + 12) இரண்டாவது. இதில் அ இருக்கும் இடத்தில் 3ம என்று போட்டால் 3ம + 12 = 2ம + 24. மகனுக்கு 12, அப்பாவுக்கு 36.

மகனுக்கு 0 வயது என்று வந்தால், அடைப்புக்குறியை விரிக்கும்போது உள்ளே இருந்த 12-ஐ இரண்டால் பெருக்காமல் விட்டிருப்பாள். இது கீழ்வகுப்புக் குறை. விடுமுறையில் தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் சரியாகும். இதற்காகக் கணிதத்தைக் கைவிடச் சொல்வது அநியாயம். −12 என்று வந்தால், அப்பாவுக்கு மட்டும் வயதைக் கூட்டிவிட்டு மகனை மறந்திருப்பாள். வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றுவதில் சிக்கல். இதற்கு நாளாகும், இயற்பியலிலும் இதே வேலைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மகன் வயது −12 என்று வந்த பிறகும் அடிக்கோடு போட்டு அடுத்த கணக்குக்குப் போகிறாளா, எங்கோ தவறு என்று திரும்பிப் பார்க்கிறாளா? மதிப்பெண்ணைவிட இதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

அவள் விருப்பம் என்ன என்பதை உங்கள் கடிதத்தில் காணோம். பொறியியல் என்றால், கலந்தாய்வுக்கான 200 கட்-ஆஃபில் கணிதத்துக்கு மட்டும் 100. அரைமனதோடு எடுப்பது ஆபத்து. மருத்துவம் என்றால் நீட் தேர்வில் கணிதம் இல்லை. கணிதத்திலிருந்து தப்பிக்க வணிகவியல் என்று நினைத்தால், பட்டயக் கணக்காளர் ஆவதற்கான முதல்நிலைத் தேர்வான சி.ஏ. ஃபவுண்டேஷனில் வணிகக் கணிதம் காத்திருக்கிறது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்விலும் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கேள்விகள்.

அவள் எழுதிய தாளைத் திருத்தாமல் அப்படியே பள்ளிக் கணித ஆசிரியரிடம் காட்டுங்கள். பெரியப்பா மகன் எந்தப் பிரிவு எடுத்தான் என்ற பேச்சை அதுவரை வீட்டில் எடுக்க வேண்டாம்.